ஆயா வீட்டு உலை

ஆயாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா முதலில் சொல்வது பட்டுப்பாவாடைக் கதையைத்தான். 1967 தீபாவளி. அம்மாவுக்குப் பத்து வயசு. தாத்தா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் போனஸ் வாங்கிய கையோடு அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்தார். தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை கட்டியாயிற்று. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கட்டிக்கொண்டு போகலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பாவாடையைக் காணோம். பின்தெருவில் ஒரு பெண் வயசுக்கு வந்திருந்தாள். மஞ்சள் நீராட்டுக்கு நல்லதாக ஒரு துணி இல்லை என்று ஆயா அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வளர்கிற பிள்ளை என்று அம்மாவின் பாவாடையில் இரண்டு டக்கு பிடித்துத் தைத்திருந்தார்கள். அதைப் பிரித்துவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சரியாக இருக்கும் என்பதுவரைக்கும் ஆயா கணக்குப் போட்டிருக்கிறார்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம்ல?" என்று அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டா நீ குடுத்திருப்பியா?" ஆயாவும் கடைசி வரை இதையே சொன்னார்.

அவர் இறந்தபோது தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'அன்னபூரணி' என்று போட்டிருந்தார்கள். பொய்யில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் கடலூர் திருப்பாப்புலியூரில் அந்த வீட்டுத் திண்ணையில் மத்தியானம் யாராவது சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அன்னபூரணி என்றதும் மனசில் வருகிற சாந்தமான முகம் ஆயாவுக்குக் கிடையாது. சிடுசிடுப்பு, பிடிவாதம், யாருக்கும் அடங்காத நாக்கு. அவர் செய்த தருமத்துக்கு எப்போதும் வீட்டில் இன்னொருவர் கையிலிருந்தும் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அது அம்மாவின் பாவாடை. தாத்தாவின் சம்பளமும் அத்தையின் முதுகும் தினமும்.

ஆயா 1934இல் குறிஞ்சிப்பாடியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். குறிஞ்சிப்பாடி கைலி என்றால் இந்தப் பக்கம் தெரியாதவர் இல்லை. நெசவாளர் வீட்டுப் பசிக்கு ஒரு காலண்டர் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு ஓட்ட முடியாது, கஞ்சி போட்ட நூல் காயாது, தறிக்குழியில் தண்ணீர் ஊறும். வேலை இல்லை, கூலி இல்லை. தை பிறந்தால்தான் வீட்டில் வயிறார உலை. அது வருஷா வருஷம் வந்து போகிற பசி. 1952, 53இல் வந்தது வேறு மாதிரி. நெய்த துணி மலை மலையாகத் தேங்கிக் கைத்தறியே முடங்கிப்போன நேரம். நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். அண்ணாவும் தி.மு.க.வினரும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாகக் கூவி விற்றது அப்போதுதான்.

அந்தக் கஞ்சித் தொட்டி வரிசையில் தூக்குப் பாத்திரத்தோடு ஆயாவும் நின்றிருக்கிறார், பதினெட்டு வயசுப் பெண்ணாக. பசியைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஊற்றியவரைப் பற்றித்தான் பேசுவார். அந்த ஆள் யார் முகத்தையும் பார்க்கவில்லையாம். பாத்திரத்துக்கு ஒரு முழம் மேலே அகப்பையைத் தூக்கிச் சளார் என்று ஊற்றிவிட்டு "அடுத்து" என்பாராம். பாதி பாத்திரத்தில், பாதி கையில். வரிசை நின்றதும் சொந்தத் தெருவில். எதிர்வீட்டுக்காரர் இவர்களைப் பார்க்க, இவர்கள் எதிர்வீட்டுக்காரரைப் பார்க்க. மூன்றாம் நாள் ஆயாவின் அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வடலூருக்கு நடந்தார். ஒன்பது, பத்து கிலோமீட்டர் இருக்கும். தருமசாலையில் பந்தியாக உட்காரச் சொன்னார்கள், இலை போட்டார்கள், சோறு வைத்தார்கள். எந்த ஊர், என்ன ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை. "உக்காருங்கன்னு சொன்னாங்க, பாப்பா" என்பார் ஆயா. அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார்.

வள்ளலார் 1867 மே 23ஆம் தேதி பற்றவைத்த அடுப்பு அது. 21 அடி நீளம். அன்றிலிருந்து இன்றுவரை அணையவில்லை. பார்வதிபுரத்து ஜனங்கள் எழுதிக்கொடுத்த 80 காணி நிலத்தில்தான் சாலையும் பின்னால் வந்த ஞானசபையும் நிற்கின்றன. எங்கள் மாவட்டத்தில் இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொள்கிற சங்கதி இல்லை, பூசத்துக்குப் பூசம் காய்கறி மூட்டையும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகளைப் பார்த்தாலே போதும்.

கல்யாணமாகித் திருப்பாப்புலியூர் வந்த பிறகு ஆயா ஆரம்பித்தது பிடி அரிசியில். உலைக்கு அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து மண்பானையில் போட்டு, மாசப் பூசத்துக்கு வடலூரில் சேர்த்துவிடுவார். அறுபதுகளின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு வந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று பேசி ஆட்சியே மாறியது. அந்த வருஷங்களில் வீட்டில் பாதி நாள் கேழ்வரகுக் களிதான் என்று அம்மா சொல்கிறார். அப்போதும் பானைக்குப் போகிற பிடி நிற்கவில்லை. களிமாவில் ஒரு பிடி. "வடலூர்ல மாவைக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன நெனைப்பாங்க?" என்று தாத்தா கேட்டதற்கு, "பசிக்கிறவன் மாவுன்னு நெனைப்பான்" என்றாராம்.

திண்ணையில் சாப்பாடு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. எழுபதுகளில் எப்போதோ. வடலூருக்குக் கொண்டுபோகிற அரிசியை இங்கேயே ஆக்கினால் பஸ் சார்ஜ் மிச்சம் என்று தாத்தாதான் விளையாட்டாகச் சொன்னாராம். சொன்னதற்காக அப்புறம் ரொம்ப வருந்தியிருப்பார்.

எனக்குத் தெரிந்து அது இப்படி நடக்கும். விடியற்காலையில் முன்னறையில் கண்ணாடிக் கூண்டு விளக்கு ஏற்றி, முக்காடு போட்ட வள்ளலார் படத்துக்கு முன்னால் 'அருட்பெருஞ்ஜோதி' சொல்வார். மணி, தட்டு, கற்பூரம் கிடையாது. அப்புறம் பின்கட்டில் மூன்று செங்கல் கூட்டிச் சவுக்கு விறகு அடுக்கி அலுமினியக் குண்டானில் உலை. புழுங்கலரிசிச் சோறு, ஒரு குழம்பு, ரசம், மோர். கிணற்றடியில் தானாக முளைக்கிற கரிசலாங்கண்ணி இருந்தால் பாசிப்பருப்பு போட்டு ஒரு கூட்டு. பத்துப் பேர் வரலாம், இருபத்தைந்து பேர் வரலாம். பாடலீஸ்வரர் கோயில் வாசலில் உட்காருகிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவர்கள், சாணை பிடிக்கிறவர், அரசு மருத்துவமனையில் ஆளைச் சேர்த்துவிட்டுக் கையில் காசில்லாமல் நிற்கிற கிராமத்து ஜனங்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்க வருகிற அம்மாக்களும் வருவார்கள். கூடையை எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். தெருப் பூனைகள் கூடையைச் சுற்றி நிற்க, அவர்கள் ஒரு கண்ணை அங்கே வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். புலால் மறுப்பைப் பற்றி அந்த அம்மாக்களிடம் ஆயா ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்களிடம் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை.

பரிமாறும்போது ஆயா பக்கத்திலேயே நிற்பார். விடுமுறைக்குப் போகிற நாங்கள்தான் பரிமாற வேண்டும். கரண்டி இலைக்கு நாலு விரக்கடைக்கு மேலே போகக்கூடாது. குனிந்து வைக்க வேண்டும். "போதுமா?" என்று கேட்கக்கூடாது, "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்க வேண்டும். வருகிறவர் பேரோ ஊரோ அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். இலையை அவர்கள் எடுக்கக்கூடாது, நாங்கள் எடுக்க வேண்டும். என் தம்பி ஒருமுறை விளையாட்டுத்தனமாக ரசத்தைக் கையை உயர்த்தி ஊற்றினான். ஆயா அவன் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, அத்தனை பேர் முன்னாலும், "நாய்க்கு ஊத்துறியா?" என்று கேட்டார். பிறகு அவனையும் அந்தப் பந்தியிலேயே உட்காரவைத்து, தானே குனிந்து இலை போட்டுப் பரிமாறினார். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். கஞ்சித் தொட்டிக் கதை எங்களுக்குத் தெரியவந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான்.

காசுக்கு வழி? தாத்தா சம்பளம், குறிஞ்சிப்பாடியில் வந்த சின்னப் பங்கு, அடிக்கடி அடகுக் கடைக்குப் போய்வந்த ஒரு ஜோடிக் கம்மல். யாராவது பணம் கொடுத்தால் வாங்க மாட்டார். "அரிசியா குடு, இல்லன்னா வந்து காய் நறுக்கு." அதே ஆயா உழவர் சந்தையில் கத்திரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் சண்டை போடுவார். எங்களுக்கு மானமே போய்விடும். குறைத்து வாங்கிக்கொண்டு, அதே கடைக்காரம்மாவிடம் "மத்தியானம் வந்து ரெண்டு வாய் துன்னுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வருவார். அந்த அம்மாவும் வரும்.

தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதுநகரில் அவர் அண்ணன் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் "அண்ணனைப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பினால் நெத்திலிக் குழம்பு, வஞ்சிரம் வறுவல் எல்லாம் முடித்துச் சாயங்காலம்தான் வருவார். தெரியாத மாதிரியே இரண்டு பேரும் முப்பது வருஷம் ஓட்டினார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின்வாசல் தொட்டியடியில் ஒரு சொம்புத் தண்ணீரும் பிழிந்த எலுமிச்சைத் தோலும் தயாராக இருக்கும்.

1998இல் தாத்தா இறந்தார். வள்ளலார் வழியில் இறந்தவரை எரிக்கக்கூடாது, புதைக்க வேண்டும். கருமாதி, திதி எதுவும் வேண்டாம். ஆயா என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். "அவரு மீன் துன்ன மனுஷன். நான் சொன்னேன்னு ஒரு நாளும் மாறல. அவங்க அப்பா, அண்ணனுக்கு எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்யுங்க" என்று சொல்லிவிட்டார். ஊர் வழக்கப்படி எல்லாம் நடந்தது, கருமாதி வரைக்கும்.

கருமாதி அன்று விடியற்காலை தாலி வாங்க, அதாவது கழற்ற, வந்தார்கள். தாத்தாவின் அக்கா, பங்காளி வீட்டுப் பெண்கள், கையில் பூ, மஞ்சள், வளையல். என்னை உள்ளே விடவில்லை. நான் சமையற்கட்டுக் கதவிடுக்கில் நின்றேன். ஆயாவை நடுவில் உட்காரவைத்துத் தலையில் பூ வைத்தார்கள். ஆயா வைத்துக்கொண்டார். வளையல் போட்டார்கள். போட்டுக்கொண்டார். கழுத்துப் பக்கம் கை போனதும் அந்தக் கையைப் பிடித்தார். தட்டிவிடவில்லை, பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இத நான் வாங்கிக்கப் போறதில்ல."

"என்ன பேச்சு இது? ஊர் என்ன சொல்லும்?"

"வாங்க வேணாம்னு ஐயா சொல்லியிருக்காரு."

"எந்த ஐயா?"

"வள்ளலார் ஐயா."

கணவன் இறந்தால் மனைவி தாலி வாங்க வேண்டியதில்லை என்று வள்ளலார் சொன்னது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதைப் படித்தவர்கள் நிறைய இருப்பார்கள். பெரிய அத்தைப் பாட்டியின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல ஆள் வேண்டும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரே சத்தம். யாரோ மாரில் அடித்துக்கொண்டார்கள், யாரோ குடும்பத்துக்கே ஆகாது என்றார்கள். ஆயா எழுந்து, தலையில் வைத்த பூவோடும் கையில் வளையலோடும் பின்கட்டுக்கு நடந்தார். "உலை வைக்க நேரமாவுது. வெளிய ஆளுங்க வருவாங்க." கதவிடுக்கில் என்னைப் பார்த்ததும், "நின்னுகினு என்ன பண்ற? வெங்காயம் உரி" என்றார்.

சொந்தத்தில் சில வீடுகளிலிருந்து அதன் பிறகு பத்திரிகை வருவது நின்றது. வந்த வீடுகளிலும் மணவறைப் பக்கம் அவரை நிற்க விடவில்லை. அதைப் பற்றி அவர் ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை, அழைத்த இடத்துக்குப் போய் அன்பளிப்பு எழுதிவிட்டு வருவார். என் கல்யாணம் திருவந்திபுரத்தில் நடந்தது. முகூர்த்த நாளில் அந்த மலையடிவாரத்தில் எத்தனை ஜோடி நிற்கும் என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த நெரிசலில் யார் முதலில் அட்சதை போட்டார்கள் என்று யாரும் கவனித்திருக்க முடியாது. எனக்குத் தெரியும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி தேவனாம்பட்டினத்தைப் புரட்டிப் போட்டது. அன்று மத்தியானமே ஆயா வீட்டுத் தெருவில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். அதை நான் விவரிக்கப் போவதில்லை. வழக்கமாக வரும் மீன்கார அம்மாக்களில் இரண்டு பேர் அதற்குப் பிறகு வரவில்லை. மற்றொருவர் வந்து இலை முன்னால் உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. ஆயா சாப்பிடச் சொல்லவில்லை. பக்கத்தில் தனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவரும் சாப்பிடவில்லை. சாயங்காலம் வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்ததாக அத்தை சொன்னார். அடுத்த வாரம் வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. வாங்க ஆளில்லாமல் அது ரோட்டோரம் குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று ஆயாவுக்கு வந்த கோபத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. "வீடு போனவன் மானமும் போச்சுன்னு நெனைச்சுக்கினாங்களா?" உடனே அம்மாவிடம் திரும்பி, "நான் உன் பாவாடைல புதுசத்தான் குடுத்தேன்" என்றார். அம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலை கரையைக் கடந்தது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில். ஆயா வீட்டு ஓடுகள் பறந்தன, முருங்கை வேரோடு சாய்ந்தது, விறகு முழுக்க நனைந்து அடுப்பே பிடிக்கவில்லை. அன்றைக்கு அவலும் வெல்லமும். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த மாமா சாப்பிடாமல் படுத்துவிட்டார். முந்திரிக்காட்டுக்காரர்களின் பிள்ளைகள் சிலர் அந்த வருஷம் திண்ணைக்கு வந்தார்கள். சொந்தக் காடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள். ஆயா அவர்களைத் திண்ணையில் உட்காரவைக்காமல் உள்ளே கூடத்தில் இலை போட்டார். தெருவில் போகிறவர் கண்ணில் படக்கூடாதாம்.

கூட்டம் குறைந்துகொண்டுதான் வந்தது. 2008இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய் அரிசி வந்ததும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். 2011இல் அரிசி இலவசமானதும் இன்னும் குறைந்தது. மாமாவுக்கு அது கொஞ்சம் வருத்தம், அந்தத் திண்ணைக்கு ஒரு பேர் இருந்ததே. ஆயாவுக்கு ஏக சந்தோஷம். "வராம இருந்தாத்தான் நல்லது. அவங்கவங்க வீட்ல உலை கொதிக்குதுன்னு அர்த்தம்." கடைசி வருஷங்களில் வந்தவர்கள் பெரும்பாலும் பேச ஆளில்லாத கிழவர்கள்.

இப்போது அத்தை. கல்யாணமாகி வந்த மறுவாரமே அந்தக் குண்டானைத் தூக்க ஆரம்பித்தவர். இறக்குவது, வடிப்பது, திண்ணை கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது. தைப்பூசத்துக்கு ஆயா இரண்டு நாள் முன்பே வடலூர் போய்விடுவார். ஏழு திரை நீக்கி ஜோதி காட்டுகிற நெரிசலுக்குள் போக மாட்டார். தருமசாலையில் உட்கார்ந்து விடிய விடியக் காய் நறுக்கிவிட்டு, மேட்டுக்குப்பம் தரிசனமும் முடித்துத்தான் திரும்புவார். அந்த நாட்களில் திண்ணைச் சாப்பாடு முழுக்க அத்தை தலையில். "புண்ணியம் உங்க ஆயாவுக்கு, முதுகுவலி எனக்கு" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அதில் துளியும் மிகை இல்லை. போஸ்டரில் அத்தை பேர் இல்லை. ஆயாவைப் புகழ்கிறவர்கள் யாரும் அத்தை பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆயாவேகூட ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா என்று அத்தையிடம் கேட்டேன். "சொன்னதில்ல. ஆனா எனக்கு இலை போடாம அவங்க ஒரு நாளும் சாப்பிட்டதில்ல" என்றார். அது போதுமா என்று நான் கேட்கவில்லை. போதாது என்பதுதான் என் எண்ணம்.

2019 புரட்டாசியில் ஆயா இறந்தார். எரிக்க வேண்டாம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். எதற்கும் வாய் திறக்காத மாமா அன்று அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். புதைத்தோம். கருமாதி இல்லை. பதினாறாம் நாள் தெருவுக்கே சாப்பாடு.

அடுத்த மாசம் அத்தை குண்டானைக் கவிழ்த்துப் பரணில் ஏற்றினார். "என்னால முடியாது, யாரும் என்னைக் கேக்காதீங்க." யாரும் கேட்கவில்லை. மாமா மாசப் பூசத்துக்கு ஒரு சிப்பம் அரிசி வடலூருக்கு அனுப்புகிறார், அத்தோடு சரி. நான் புதுச்சேரியிலிருந்து எப்போதாவது போகிறேன்.

போன தடவை போனபோது மத்தியானம் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் ஊறுகாய்க் கிண்ணத்தோடு குனிந்து நின்றிருந்தார். "நிறுத்திட்டதா சொன்னீங்க?" என்றேன். "நிறுத்தித்தான் இருக்கேன். இவர் ஒருத்தர்தான் வராரு. முந்தாநாள் இன்னொருத்தரக் கூட்டிக்கினு வந்தாரு" என்று சலித்துக்கொண்டார். பெரியவர் கை கழுவ எழுந்தபோது அத்தை இலையைத் தானே எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வராதீங்க, நாங்க நெய்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறோம். நாளன்னிக்கு வாங்க, கத்திரிக்கா கொழம்பு வெக்கிறேன்" என்றார்.